தேரைக் கொடுத்தவர்

ஒரு வீட்டில் பழைய ஸ்கூட்டர் ஒன்று இருந்தால் அதற்கும் ஒரு நாள் வாரிசுப் பிரச்னை வந்தே தீரும். நகைக்கும் நிலத்துக்கும் வருவதைப் போல வக்கீல் வரைக்கும் போகாது, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் வீட்டில் அது சென்ற ஆயுத பூஜை அன்று வந்தது.

ராயப்பேட்டை மணிக்கூண்டிலிருந்து பொடிநடையாகப் போகும் தூரத்தில், ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் வீடு. மாடிப்படிக்குக் கீழே ஒரு பஜாஜ் சேத்தக் நிற்கிறது. 1986-ல் வாங்கியது. பணத்தைக் கட்டி, பெயரைப் பதிந்துவிட்டு, ஆண்டுக் கணக்கில் காத்திருந்து ஸ்கூட்டர் வாங்கிய காலம் அது. கடிதம் வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தோம் என்றால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த வண்டிக்கு என்று ஒரு குணம் உண்டு. எஞ்சின் வலப்பக்கம் இருப்பதால் எப்போதும் அந்தப் பக்கமே இழுக்கும். காலையில் ஒருக்களித்துச் சாய்த்து, பிறகு நிமிர்த்தி உதைத்தால்தான் உயிர் வரும். இடது கைப்பிடியைத் திருகித்தான் கியர் மாற்ற வேண்டும். நான் ஓட்டுவதை நிறுத்திப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் பதிவைப் புதுப்பித்து, இன்ஷூரன்ஸ் கட்டி, மாதம் ஒருமுறை மெக்கானிக்கை வரவழைத்து ஓடவிட்டுப் பார்ப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

பூஜையன்று வழக்கம்போலச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்தோம். பழம் நசுங்க வண்டியைத் தள்ளியவன் என் பேரன். பதினேழு வயதும் நாலு மாதமும். தள்ளிவிட்டுக் கைப்பிடியை விடாமலே கேட்டான்:

"தாத்தா, இனிமே இதை நானே ஓட்டட்டுமா? சும்மாத்தானே நிக்குது?"

கூடத்தில் இருந்த என் மகன், தலையை நிமிர்த்தாமல், "வேண்டாம்" என்றான். ஒரே வார்த்தை. காரணம் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டான்.

இதற்குள் என் பேத்தி ஒரு கேள்வி போட்டாள். அவளுக்குப் பத்தொன்பது வயது. "லைசென்ஸ் வெச்சிருக்கிறது நான். அவன் கேட்டா உடனே வீடே யோசிக்குது. என்னை யாருமே கேட்கலையே தாத்தா?" என்றாள். உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது. வண்டி என்றதும் பேரன்தான் என் நினைவுக்கு வந்தான். பெண்ணின் சார்பில் எத்தனையோ கதைகள் எழுதியிருக்கிறேன் என்று பெயர். வீட்டுக்குள் வந்தால் சாவி மட்டும் ஆண்பிள்ளை பக்கமாகவே தொங்குகிறது.

அவள் கேள்வியின் நியாயத்தை ஒப்புக்கொண்டேன். ஆனால் அன்று இரவு என்னைத் தூங்கவிடாமல் செய்தது என் மகன் சொன்ன அந்த ஒற்றை வார்த்தை. அதன் காரணம் எனக்குத் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு நாம் எத்தனையோ கொடுக்கிறோம். பேனா, கைக்கடிகாரம், வீடு, சில சமயம் கடன். இவற்றால் கெடுதல் வந்தால் வாங்கிக்கொண்டவனுக்கு வரும். மிஞ்சிப்போனால் நமக்கு வரும். வண்டி அப்படியல்ல. அதனால் வரும் ஆபத்தில் பாதி, நம் வீட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் தலையில் விழுகிறது. லாயிட்ஸ் ரோட்டில் பால் வாங்க வந்தவர், வெஸ்லி பள்ளிக்கூடம் விட்டு வெளியே ஓடிவரும் சிறுவன், ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும் கிழவி. இவர்களில் யாரையும் கேட்டுக்கொண்டு நாம் சாவியைக் கொடுப்பதில்லை. தாத்தா பேரனுக்கு அன்பாகக் கொடுக்கும் ஒரு பரிசின் விலையை, வழியில் போகிறவர் கட்டும்படி வைக்க எனக்கு என்ன பாத்தியதை? 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை கூறியது. அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர்.

சட்டம் இந்தக் கேள்வியைப் பற்றி என்ன நினைக்கிறது என்று பார்த்தேன். பதினெட்டு வயது ஆகாமல் வண்டி ஓட்டக் கூடாது, ஐம்பது சி.சி.க்கு மேற்படாத சிறு வண்டிக்கு மட்டும் பதினாறு. இது பழைய விதி. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 199-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். உரிமம் பெறாத சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், பாதுகாவலர் அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. பையனுக்கு இருபத்தைந்து வயது வரை உரிமம் கிடையாது. இவை எல்லாருக்கும் ஓரளவு தெரிந்தவை. எனக்குச் சுவையாகப் பட்டது வேறொன்று. பெற்றவரின் சம்மதத்தோடுதான் பிள்ளை வண்டியை எடுத்தான் என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை, எனக்குத் தெரியாது, அல்லது தடுக்க எல்லா ஜாக்கிரதையும் எடுத்துக்கொண்டேன் என்று நிரூபிக்க வேண்டியது பெற்றவர் பொறுப்பு. சாவி எங்கே தொங்கியது என்று கேட்கிற சட்டம் இது.

இதைப் படித்தபோது எனக்குத் திருவாரூர் நினைவுக்கு வந்தது. மனுநீதிச் சோழன் கதையைத் தெரியாதவர் நம்மில் இல்லை. ஊரின் கோயிலருகே கல்லில் தேர் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சோழனின் சிலை நிற்கிறது. நீதியைப் பற்றிய கதை என்றே அதைக் கேட்டு வளர்ந்தோம். ஆனால் சற்று விலகி நின்று பார்த்தால், அது ஓர் இளைஞன் வீட்டு வாகனத்தை எடுத்துக்கொண்டு தெருவில் போய் விபத்து உண்டாக்கிய கதை. எனக்குப் பல காலமாக அதில் ஒரு குறை உண்டு. அரசன் மகனுக்குத் தண்டனை கொடுத்தான், சரி. மகனுக்குத் தேரைக் கொடுத்தது யார்? ராஜவீதியில் ஓட்டிப் போகலாம் என்று விட்டது யார்? அதை ஏன் ஒருவரும் கேட்கவில்லை?

இந்த வாரம் பெரியபுராணத்தை எடுத்து மறுபடி படித்தபோதுதான் சேக்கிழார் எனக்கு முன்னாலேயே அங்கே போய் நின்றிருக்கிறார் என்று தெரிந்தது. கன்று துள்ளி வந்து சக்கரத்தில் விழுந்ததில் பிள்ளையின் கொடுமை எதுவும் இல்லை. அவன் துடித்துப்போகிறான். தகப்பன் காதுக்கு எட்டுவதற்குள் பரிகாரம் ஏதும் உண்டா என்று கேட்டு அலைகிறான். (இதை நான் எப்படி மறந்தேன்? எந்தப் பிள்ளையும் முதலில் செய்வது இதுதான்.) மந்திரிகளும் பரிகாரம் போதும் என்கிறார்கள். அரசன் கேட்கவில்லை. கன்றை இழந்த பசுவின் துயரத்தைத் தானும் அடைய வேண்டும் என்பதே அவன் வழக்கு. அதாவது அவன் தண்டனை விதித்தது மகனுக்கு மட்டுமல்ல, தகப்பனுக்கு. தேரைக் கொடுத்தவனும் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிட்டான்.

கடல் தாண்டி இலங்கையின் மகாவம்சத்திலும் எல்லாளனைப் பற்றி இதே கதை இருக்கிறது. அதே மணி, அதே பசு, அதே தேர். தமிழரசனைத் தோற்கடித்த கட்சியின் நூல் அவனுக்கு இந்தப் பெருமையை மறுக்கவில்லை.

ஆனாலும் ஒன்று இன்னும் உறுத்துகிறது. அரசன் வழக்குப் பேசுகிறான், மந்திரி உயிரை விடுகிறான், கடைசியில் இறைவனே வந்துவிடுகிறான். நாம் கதை சொல்லும்போது பிள்ளை மட்டும் பேசுவதே இல்லை.

நம் காலத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. 2024 மே 19 விடியற்காலையில் புனே நகரத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஓட்டிய போர்ஷ் கார் மோதி, மோட்டார் சைக்கிளில் போன இளம் என்ஜினீயர்கள் இருவர் இறந்தார்கள். அன்றைக்கே பையனுக்கு ஜாமீன் கிடைத்தது. நிபந்தனைகளில் ஒன்று, விபத்துகளைப் பற்றி முந்நூறு சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது. நாடே கொதித்தது. முந்நூறு சொல்லில் கட்டுரை எழுதுவது எவ்வளவு எளிது என்று எனக்குத் தெரியும். என் பிழைப்பே அதுதான். பிறகு தகப்பனார் கைதானார். ரத்த மாதிரியை மாற்றினார்கள் என்றும், காரை ஓட்டியது நான்தான் என்று சொல்லும்படி வீட்டு டிரைவரை நிர்ப்பந்தித்தார்கள் என்றும் போலீசார் குற்றம் சாட்டினார்கள். ஊரெல்லாம் அந்தக் குடும்பத்தைத் திட்டியது. என் நண்பர்கள் வந்து உட்கார்ந்து, பணக்காரத் திமிர் என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்த டிரைவர் விஷயம் வந்தபோது மட்டும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

இனிமேல் சொல்லிவிட வேண்டியதுதான்.

1991-ல் ஒரு வாரப் பத்திரிகையில் நான் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். அன்று மாலைக்குள் அத்தியாயம் போயாக வேண்டும். பத்திரிகை ஆபீஸ் பையன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் காப்பிப் பொடி இல்லை. என் மனைவி இரண்டு முறை வந்து சொன்னாள். மூன்றாம் முறை என் மகன் வந்து, "நான் போய் வாங்கிட்டு வரட்டாப்பா?" என்றான். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான், பதினாறு வயது. விடுமுறை நாட்களில் நானே அவனுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தேன். எழுதுகிற கையை நிறுத்தாமல் இடது கையால் சாவியை எடுத்து நீட்டினேன்.

சாவி கொடுப்பதைப் பெருந்தன்மை என்றும் பிள்ளைமேல் வைக்கும் நம்பிக்கை என்றும் நாம் பேசுகிறோம். என் விஷயத்தில் அது சோம்பல். என்னைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும் என்பதற்கு நான் கொடுத்த கூலி. வீடுகளில் பாதிச் சாவிகள் இப்படித்தான் கைமாறுகின்றன என்று நினைக்கிறேன்: தங்கையை டியூஷனில் விட்டுவிட்டு வா, அரைக் கிலோ தக்காளி வாங்கி வா. நமக்கு ஒரு நடை மிச்சம்.

திருப்பத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பூக்கார அம்மாள்மேல் வண்டி ஏறிவிட்டது. வேகமாகப் போகவில்லை; பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது, அந்த வலப்பக்கத்து இழுப்பை அவனால் சமாளிக்க முடியவில்லை. அந்த அம்மாளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. யாரோ ஓடிவந்து சொல்ல, நான் பேனாவை மூடாமல் ஓடினேன். கூடையிலிருந்த கனகாம்பரம் தெருவெல்லாம் சிதறிக் கிடந்தது. என் மகன் காப்பிப் பொடிப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி நடைபாதையில் நின்றான். அந்தப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "நீ வீட்டுக்குப் போ" என்றேன்.

போலீஸ் வந்து கேட்டபோது, ஓட்டியது நான் என்றேன்.

அப்போதும் சட்டம் இருந்தது. உரிமம் இல்லாதவனிடம் வண்டியைக் கொடுத்தால் சொந்தக்காரருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம். அதற்கு நான் அஞ்சவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிமிஷத்தில் நினைத்தது பையனின் படிப்பை. அவன் பெயர் காகிதத்தில் ஏறக் கூடாது என்பதை. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் நான் கொடுத்தேன். மேற்கொண்டு இரண்டாயிரம் ரூபாயும் கொடுத்தேன். அந்த அம்மாளின் மருமகன் கைகூப்பி, "உங்களை மாதிரி யார் சார் இருக்காங்க" என்றார். உறவுக்காரர்கள், பிள்ளைக்காகப் பழியை ஏற்ற தகப்பன் என்று மெச்சினார்கள். என் கதை ஒன்றில்கூட இப்படி ஒரு தகப்பன் பாத்திரம் எனக்கு அமைந்ததில்லை.

அந்த அம்மாள் அந்த மூலைக்குத் திரும்ப வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை.

என் மகன் பிறகு அந்த ஸ்கூட்டரைத் தொட்டதில்லை. பெரியவனாகிக் கார் வாங்கினான். நடந்து போகிறவர்கள் அவனை முந்திக்கொண்டு போவார்கள், அவ்வளவு நிதானம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள்தான் பேசினோம். மாடியில் துணி காயப்போடும் இடத்தில், விளக்கில்லாமல்.

"நீங்க அன்னைக்கு எனக்கு நல்லதுதான் செஞ்சீங்கப்பா. அதை நான் குத்தம் சொல்லலை. ஆனா அந்த அம்மாகிட்ட போய், நான்தான்மா இடிச்சேன்னு சொல்ல எனக்கு வழியே இல்லாம போச்சு. சொன்னா நீங்க பொய்யர் ஆயிடுவீங்க. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ரெண்டு தடவை போயிட்டுத் திரும்பி வந்தேன்" என்றான்.

அவன் போனது எனக்குத் தெரியாது. அவனுடைய குற்றத்தை நான் ஏற்றேன் என்று நினைத்தேன். அதை அவனிடமிருந்து பறித்து வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. குற்றம் ஒருவனுக்குச் சொந்தமாக இருக்கும்வரைதான் அவன் அதற்கு ஏதாவது செய்ய முடியும்.

சரி, அப்படியானால் பிள்ளைகளுக்கு வண்டியே கூடாதா? அந்த முடிவுக்கு நான் வரவில்லை. பதினெட்டு பிறக்கிற நள்ளிரவில் எவனுக்கும் கண்ணும் கையும் புதிதாக முளைப்பதில்லை. எங்கேயாவது கோடு போட வேண்டியிருக்கிறது, அங்கே போட்டார்கள். வீட்டில் மறுத்தால் நண்பனின் வண்டியில் மூன்றாவது ஆளாகத் தொற்றிக்கொண்டு போவான். அது நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இதோ, எக்ஸ்பிரஸ் அவென்யூ எதிரில் நின்றால் சாப்பாட்டுப் பைகளை முதுகில் கட்டிக்கொண்டு பறக்கும் பிள்ளைகளில் பலருக்கு என் பேரனைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். கொடுக்கலாமா வேண்டாமா என்று ராத்திரியெல்லாம் விழித்திருக்கும் சௌகரியம் அவர்கள் வீட்டில் இல்லை.

நியூஸிலாந்தில் 1987-லேயே ஒரு வழி கண்டார்கள். உரிமத்தைப் படிப்படியாகக் கொடுப்பது. முதலில் கூட ஒருவர் இருக்க வேண்டும்; அடுத்த கட்டத்தில் தனியாக ஓட்டலாம், ஆனால் இரவு வேளையில் கூடாது, தோழர்களை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. பல நாடுகள் பின்பற்றுகின்றன. இளம் பிள்ளை தனியாக ஓட்டுவதைவிட, பின்னால் தோழர்கள் இருக்கும்போது அதிகம் தடுமாறுகிறான் என்பதைக் கண்டவர்கள் செய்த ஏற்பாடு. இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? ஒரு வீடு தனக்குத் தானே போட்டுக்கொள்ளலாமே?

இன்னொன்றும் எனக்கு இப்போதுதான் உறைத்தது. எல்லா வீட்டிலும் புதியதைத் தகப்பன் வைத்துக்கொண்டு பழையதைப் பிள்ளைக்குத் தள்ளுகிறோம். இடித்தாலும் நஷ்டமில்லை என்பது நியாயம். நஷ்டம் வண்டிக்குத்தான் என்று நினைப்பவர் பேசும் நியாயம் அது. 2019-லிருந்து விற்கும் புதிய ஸ்கூட்டர்களில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து நிற்கும் ஏற்பாடு இருக்கிறது. என் சேத்தக்கில் பின் பிரேக்கைக் காலால் மிதித்து, முன் பிரேக்கைக் கையால் அழுத்தி, கியரைத் திருகி, வலப்பக்கத்து இழுப்பையும் அடக்க வேண்டும். வீட்டிலேயே அடக்கக் கஷ்டமான வண்டியை, வீட்டிலேயே அனுபவம் குறைந்தவனுக்குக் கொடுத்துவிட்டு, மாலை போட்டு எலுமிச்சம்பழம் வைக்கிறோம்!

வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் சொந்தக்காரர் பெயர் இருக்கிறது, சேஸிஸ் நம்பர் இருக்கிறது, நிறம்கூட எழுதியிருக்கிறது. பூக்கார அம்மாள் அதில் இல்லை. வண்டியைக் கொடுப்பதா இல்லையா என்பதற்கு முன்னால் கொடுக்க வேண்டியது அதுதான் என்று எனக்குத் தோன்றியது. மகனிடம் கேட்டேன். "நானே சொல்றேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை பேரனையும் பேத்தியையும் உட்கார வைத்துச் சொன்னான். நான் பக்கத்தில் இருந்தேன். அவன் தப்பாகச் சொன்ன ஓரிரு விவரங்களையும் திருத்தவில்லை. பேத்தி தன் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பேரன் வெகுநேரம் ஸ்கூட்டர் நிற்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்:

"அந்தப் பாட்டி பேர் என்ன?"

என் மகன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்திருக்கும். நான்தான் அதற்குப் பணம் கட்டினேன்.

சேத்தக் இருவரில் யாருக்கும் போகவில்லை. பேத்திக்குக் கல்லூரி போய்வர, பிரேக் நன்றாகப் பிடிக்கிற வண்டி ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். பேரனுக்குப் பதினெட்டு ஆக இன்னும் சில மாதம் இருக்கிறது; எல்.எல்.ஆர். வாங்கிய பிறகு அக்காதான் கற்றுக்கொடுப்பாள் என்று அவர்களே பேசி வைத்திருக்கிறார்கள். இந்த வாரம் முழுவதும் அவன் சாயங்காலத்தில் மணிக்கூண்டுப் பக்கம் போய் வருகிறான். எதற்கு என்று கேட்டேன். அந்த மூலையில் இப்போது பூக்கடை வைத்திருப்பவர்களிடம், முன்பு அங்கே உட்கார்ந்திருந்தவர்களை யாருக்காவது தெரியுமா என்று விசாரிக்கிறானாம்.